மார்ச் 25 என்று தேதி போடுங்கள்

தணிக்கை முத்திரை – வரலாற்றுத் தொடர் – பகுதி 11

சென்ற வாரம் தெரசீன் கோட்டையின் தூக்குமேடை அருகே நின்றிருந்தோம்.

பிராக் நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அந்தக் கோட்டை நகரம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் இரண்டாம் ஜோசப் கட்டி, தாய் மரியா தெரசாவின் பெயரைச் சூட்டியது. 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக மாற்றினார்கள். ஜெர்மானியர்கள் அதைத் தெரேசியன்ஷ்டாட் என்றார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே ஒரு வரி எழுதவும் தடை. 1942 ஜனவரி 10 அன்று ஒன்பது பேரும், பிப்ரவரி 26 அன்று ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் பலர் செய்த குற்றம், வீட்டுக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் அனுப்ப முயன்றது.

இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே தெரசீனிலிருந்து கொண்டுபோகப்பட்ட கைதிகளிடம் நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் அஞ்சலட்டைகளைக் கொடுத்தார்கள். "எழுதுங்கள்" என்றார்கள்.

கடிதம் எழுதியவனைத் தூக்கில் போட்டவர்கள், கடிதம் எழுதச் சொல்லிக் கட்டளையிடும் நிலைக்கு எப்படி வந்தார்கள்? இந்த வாரக் கதை அதுதான்.

*

தபாலே சாட்சி

1942 டிசம்பர் 17. நேச நாடுகள் ஒன்றாக ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பாவின் யூதர்களை ஜெர்மனி திட்டமிட்டுக் கொன்றுவருகிறது என்று உலகத்துக்குச் சொன்ன அறிக்கை அது.

அதற்குப் பிறகு கேள்விகள் பெருகின. ரயிலேற்றிக் கொண்டுபோன மனிதர்கள் எங்கே? ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கேட்டார்கள். நடுநிலை நாடுகளில் இருந்த உறவினர்கள் கேட்டார்கள். 1943 அக்டோபரில் டென்மார்க்கிலிருந்து பிடிக்கப்பட்ட சுமார் 470 யூதர்கள் தெரசீனுக்கு வந்த பின், டேனிஷ் அரசு அதிகாரிகள் விடாமல் கேட்டார்கள்.

மறுப்பறிக்கை விட்டால் யார் நம்புவார்கள்? காணாமல் போனவரின் கையெழுத்தே வந்தால் நம்புவார்கள். பெர்லினில் யூதர்களை நாடுகடத்தும் பொறுப்பில் இருந்த அடால்ஃப் ஐக்மனின் அலுவலகம் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. மகனின் எழுத்தைத் தாய் அறிவாள். மனைவி 'க' போடும் விதம் கணவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையைத்தான் அவர்கள் கருவியாக எடுத்துக்கொண்டார்கள்.

தெரசீனில் தபால் இதற்குள் திறந்திருந்தது. ஆனால் எப்படித் திறந்தது என்று பாருங்கள். ஓர் அட்டைக்கு 30 சொற்கள். ஜெர்மன் மொழியில் மட்டும். முகாம் நிலைமை பற்றி எதுவும் எழுதக் கூடாது. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பேர்சொல்லி விசாரித்துப் பழகிய நமக்கு, முப்பது சொல் என்பது விசாரிப்புக்கே போதாது. பார்சல் கிடைத்தது என்று சொல்ல அச்சடித்த அட்டையே இருந்தது. தேதியை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். போர்ச்சுகலிலிருந்து வந்த மத்தி மீன் டப்பாக்களுக்குக்கூட அப்படிப்பட்ட ரசீது அட்டைகள் போயின.

அந்தக் கையெழுத்து ஒவ்வொன்றும், "இன்னார் உயிரோடு இருக்கிறார்" என்ற சான்றிதழாக ஜெனீவாவில் எண்ணப்பட்டது.

1943 ஜூலை 10 அன்று தெரசீனுக்கென்றே ஒரு தபால்தலை வந்தது. செக் நிலமான போஹிமியா–மொராவியா பகுதியில் மிஞ்சியிருந்தவர்கள் தெரசீனுக்குப் பார்சல் அனுப்ப வேண்டுமானால் அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தபால் நிலையத்தில் காசு கொடுத்து வாங்க முடியாது. முகாமில் இருப்பவரின் முறை வரும்போது, அவர் சொல்லும் ஒருவருக்கு ஒரு தலை போய்ச் சேரும். அவர் ஒரு பார்சல் அனுப்பலாம். பசியைப் பங்கீடு செய்ய ஒரு தபால்தலை!

கரும்பச்சை நிறம். மரங்களும் நீரும் குன்றும் கொண்ட போஹிமிய நாட்டுப்புறக் காட்சி. விலை அச்சிடப்படவில்லை. செதுக்குவேலை நேர்த்தியானது. பார்க்கும் எவருக்கும் அது ஒரு சுற்றுலாத் தலத்தின் தபால்தலையாகத் தோன்றும். அந்த அழகு தற்செயலாக வந்தது என்று நான் நினைக்கவில்லை.

தபால்தலை சேகரிப்பவர்களிடையே இன்று இதற்குப் பெரும் கிராக்கி. அதனால் போலிகளும் ஏராளம். தலையைத் தனியாக வாங்கி ஆல்பத்தில் ஒட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பார்சல் உறையின் துண்டோடு, அனுப்பியவர் பெறுபவர் பெயரோடு இருந்தால்தான் அது வரலாறு. பெயரைக் கிழித்துவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தத் தலையை அச்சிட்டவர்கள் விரும்பியதையே நாமும் செய்கிறோம்.

*

புரியாத சலுகைகள்

1943 செப்டம்பர் 6. தெரசீனிலிருந்து சுமார் 5,000 பேரை ஏற்றிக்கொண்டு ரயில்கள் புறப்பட்டன. போன இடம் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ்.

இந்தத் தொடரைப் படித்துவருபவர்களுக்கு பிர்கெனாவ் என்றால் என்னவென்று தெரியும். ரயில் நின்றதும் பிரிப்பார்கள். வேலைக்கு ஆகக்கூடியவர்கள் ஒரு பக்கம். முதியவர்கள், தாய்மார்கள், குழந்தைகள் இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கம் போனவர்கள் அன்றிரவைப் பார்க்க மாட்டார்கள்.

இந்த 5,000 பேருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

பிரிக்கவில்லை. தலையை மழிக்கவில்லை. கையில் எண் மட்டும் பச்சை குத்தினார்கள். பி-2-பி என்ற தனிப் பகுதியில், குழந்தை குட்டிகளோடு ஒரே வேலிக்குள் வைத்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கொட்டகைகள் வேறு வேறு. ஆனாலும் அப்பா பிள்ளையைப் பார்க்கலாம். பக்கத்து முகாம்களின் கைதிகள் நம்ப முடியாமல் பார்த்தார்கள். அதற்குக் 'குடும்ப முகாம்' என்ற பெயர் நிலைத்தது.

31-ஆம் எண் கொட்டகையைக் குழந்தைகளுக்காகக் கேட்டு வாங்கினார் ஃப்ரெடி ஹிர்ஷ் என்ற 27 வயது இளைஞர். ஜெர்மனியின் ஆஹன் நகரத்தில் பிறந்த உடற்பயிற்சி ஆசிரியர். புகைபோக்கிகள் கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்க, உள்ளே பாடம் நடந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய புத்தகங்கள் கைமாறின. டினா காட்லீபோவா என்ற இளம் ஓவியர் சுவரில் ஸ்னோ ஒயிட்டும் குள்ளர்களும் வரைந்தார்.

இதற்காக யாரும் அந்த முகாமை நல்ல இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பசியும் குளிரும் நோயும் ஆறே மாதத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றன.

டிசம்பரில் தெரசீனிலிருந்து மேலும் சுமார் 5,000 பேர் வந்தார்கள். அவர்களுக்கும் அதே ஏற்பாடு.

ஏன்? கைதிகள் இரவெல்லாம் இதையே பேசினார்கள். விடை முகாம் பதிவேட்டில் இருந்தது. செப்டம்பரில் வந்தவர்களின் பெயர்களோடு 'எஸ்.பி.' என்ற குறிப்பும், ஆறு மாதம் என்ற கெடுவும். எஸ்.பி. என்றால் 'தனிக் கவனிப்பு'; அது எஸ்.எஸ். கோப்புகளில் கொலைக்கு வழங்கிய பெயர்.

செப்டம்பரோடு ஆறு மாதத்தைக் கூட்டினால் மார்ச்.

*

பென்சிலும் அட்டையும்

1944 மார்ச் மாதத் தொடக்கம். செப்டம்பரில் வந்தவர்களுக்கு அஞ்சலட்டைகள் கொடுக்கப்பட்டன.

நிபந்தனைகள் பழகியவைதான். ஜெர்மன் மொழி. 30 சொற்கள். நலமாக இருப்பதாக எழுத வேண்டும். பார்சல் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். அனுப்புநர் முகவரியில் ஆஷ்விட்ஸ் என்ற பெயரே வராது. 'பிர்கெனாவ் தொழிலாளர் முகாம், நொய்பெருன் அருகில், மேல் சைலீசியா' என்றுதான் எழுத வேண்டும். ஏதோ தொழிற்சாலை ஊரின் விலாசம் போல.

பிறகு ஒரு நிபந்தனை. தேதி.

எழுதும் நாளின் தேதியைப் போடக் கூடாது. மார்ச் 25-ஐ ஒட்டிய தேதியைப் போடுங்கள் என்றார்கள்.

மூன்று வாரம் தள்ளி வரப்போகும் ஒரு நாளின் தேதி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம்.

வரப்போகும் தேதியிட்டு எழுதச் சொல்லக் காரணம் இருப்பது போலவே தோன்றும். தணிக்கைக்குப் போய்வர நாளாகும், பழைய தேதியோடு போனால் நன்றாக இருக்காது என்று ஒருவர் தமக்குத்தாமே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஹைடெப்ரெக் என்ற ஊரில் உள்ள வேலை முகாமுக்கு உங்களை மாற்றப்போகிறோம் என்ற பேச்சையும் எஸ்.எஸ். பரப்பியிருந்தது. இடம் மாறுகிறவர்கள் ஊருக்கு ஒரு வரி போட்டுவிட்டுக் கிளம்புவது இயல்புதானே.

எல்லோரும் அப்படிச் சமாதானம் அடையவில்லை. சிலர் பென்சிலை எடுத்து, கட்டளைப்படியே நலம் என்று எழுதினார்கள். பிறகு யாரோ உறவினர் பெயர் போல 'லெஹெம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். இன்னும் சிலர் 'மாவெத்' என்று சேர்த்தார்கள். ஜெர்மன் தணிக்கையாளர் கண்ணில் அவை வெறும் பெயர்கள். ஹீப்ரு அறிந்தவருக்கு முதலாவது ரொட்டி, இரண்டாவது மரணம்.

முப்பது சொல்லில் ஒன்றை இதற்காகச் செலவழித்திருக்கிறார்கள். தணிக்கை செய்யப்பட்ட தபால்களைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடத் துணிந்த எழுத்து வேறில்லை. பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதிய சொல் அது.

அட்டைகள் சேகரிக்கப்பட்டன.

*

மார்ச் 7, 8, 9

மார்ச் 7. செக்கோஸ்லோவாகியாவின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக்கின் பிறந்தநாள். செப்டம்பரில் வந்தவர்களை மட்டும் பிரித்து, பக்கத்து வேலிக்குள் இருந்த பி-2-ஏ என்ற தனிமைப் பகுதிக்கு நடத்திச் சென்றார்கள்.

அந்தப் பகுதியின் எழுத்தராக வேலைசெய்த கைதி, ஸ்லோவாகியாவைச் சேர்ந்த 19 வயது ருடால்ஃப் வெர்பா. முகாமின் இரகசிய எதிர்ப்புக் குழுவுக்கும் அவருக்கும் தொடர்பு இருந்தது. நடக்கப்போவதை அவர் ஃப்ரெடி ஹிர்ஷிடம் சொன்னார். "நீங்கள் தலைமை ஏற்றால் இவர்கள் எதிர்த்து எழுவார்கள்" என்பதே கோரிக்கையின் சாரம்.

ஹிர்ஷ் யோசிக்க நேரம் கேட்டார். எதிர்த்தால் குழந்தைகளின் கதி என்ன என்பதே அவருடைய கவலை. சிறிது நேரத்தில் அவர் மயங்கிக் கிடந்தார். அளவுக்கு மீறிய தூக்க மருந்து. தானே எடுத்துக்கொண்டாரா, எழுச்சியைத் தடுக்க நினைத்தவர்கள் கொடுத்துவிட்டார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

மார்ச் 8 இரவு லாரிகள் வந்தன. ஹைடெப்ரெக் போகிறோம் என்றார்கள். லாரிகள் போனது நச்சுவாயு அறைகளுக்கு.

3,792 பேர். ஒரே இரவு.

உடல்களை அகற்றும் வேலையில் அமர்த்தப்பட்டிருந்த கைதி ஃபிலிப் முல்லர் உயிர்பிழைத்து, பின்னாளில் சாட்சி சொன்னார். உள்ளே நின்றவர்கள் செக் தேசிய கீதத்தையும், பிறகு யூதர்களின் கீதமான ஹதிக்வாவையும் பாடினார்கள் என்று. மிஞ்சியவர்கள் மிகச் சிலர். சில மருத்துவர்களும், முகாமின் எஸ்.எஸ். மருத்துவர் மெங்கெலே தன் சோதனைகளுக்காக ஒதுக்கிவைத்த இரட்டையர்களும்.

அவர்கள் எழுதிய அட்டைகள் அப்போது கிளம்பவே இல்லை.

*

மூன்று தேதிகள்

அட்டைகள் பெர்லினுக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே அஞ்சல் முத்திரை விழுந்தது. அங்கிருந்து தெரசீனுக்கும் பிராகுக்கும் வேறு ஊர்களுக்கும் போயின.

வாங்கிப் பார்த்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கையெழுத்து அக்காவுடையது. சந்தேகமே இல்லை. தேதி மார்ச் 25. ஆகவே மார்ச் 25 அன்று அக்கா உயிரோடு இருக்கிறாள், நலமாக இருக்கிறாள், பார்சல் கேட்கிறாள். தங்கள் ரொட்டியில் மிச்சம்பிடித்துப் பார்சல் கட்டியவர்கள் உண்டு.

போர்க்காலத் தபாலை ஆராய்பவர்கள் ஓர் உறையைக் கையில் எடுத்தால் முதலில் தேடுவது மூன்று தேதிகளை: எழுதிய தேதி, முத்திரைத் தேதி, போய்ச் சேர்ந்த தேதி. இடைவெளியை வைத்துத்தான் தணிக்கை எங்கே நடந்தது, எவ்வளவு நாள் பிடித்தது என்று கணக்கிடுவார்கள். எழுதியவர் போட்ட தேதியை அவர்கள் பொதுவாக நம்புவார்கள். நம்பாமல் இந்தத் துறையில் ஓரடி எடுத்துவைக்க முடியாது.

பிர்கெனாவ் அட்டைகள் அந்த அடித்தளத்தையே உடைத்துவிட்டன. அட்டை அசல். கையெழுத்து அசல். பெர்லின் முத்திரையும் அசல். எந்த நிபுணரிடம் கொடுத்தாலும் போலி என்று சொல்ல மாட்டார். பொய் இருப்பது ஒரே இடத்தில்: எழுதியவரைக் கொண்டே எழுதவைத்த தேதியில்.

முகாமின் கணக்கும் உயிர்பிழைத்தவர்களின் சாட்சியமும் பக்கத்தில் இல்லாமல் இந்த அட்டையை மட்டும் வைத்துப் படித்தால், கொலைகாரர்கள் சொல்ல விரும்பியதைத்தான் அது இன்றைக்கும் சொல்லும். அதனாலேயே இவை ஏலக்கூடங்களில் தனித்தனியே சிதறுவதை நான் ஏற்கவில்லை. பிராக் யூத அருங்காட்சியகம், தெரசீன் நினைவகம், ஜெருசலேமின் யாத் வஷேம், இஸ்ரேலின் கிவாத் ஹாயிம் கிராமத்தில் தெரசீனிலிருந்து பிழைத்தவர்கள் அமைத்த பேத் தெரசீன் போன்ற இடங்களில்தான் ஓர் அட்டையை எழுதியவரின் நாடுகடத்தல் பட்டியலோடு சேர்த்துப் படிக்க முடியும். சேகரிப்பாளர்கள் பலர் தங்களிடம் இருந்தவற்றை இப்படிப்பட்ட காப்பகங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்காதவர்கள் நல்ல நகலாவது தர வேண்டும்.

இந்த ஏமாற்று ஒருமுறையோடு நிற்கவில்லை. அதே 1944-இல் ஹங்கேரியிலிருந்து லட்சக்கணக்கில் யூதர்கள் பிர்கெனாவுக்கு வந்தபோது, அவர்களில் சிலரையும் அட்டை எழுதவைத்தார்கள். அனுப்பும் ஊர் 'வால்ட்சே' என்று போடச் சொன்னார்கள். ஏரிக்கரை ஊர் போன்ற பெயர். அதைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

*

வேலியைத் தாண்டியவர்

மார்ச் 9 காலை. குடும்ப முகாமில் பாதிக் கொட்டகைகள் காலி.

டிசம்பரில் வந்த மீதிப் பேருக்கு இனி எதையும் விளக்க வேண்டியதில்லை. அவர்களும் மாதங்களை எண்ணினார்கள். கடைசி ரயில் வந்தது டிசம்பர் 20. கெடு ஜூன் 20.

அவர்களில் ஒருவர் வீதெஸ்லாவ் லெடெரர். முன்னாள் செக்கோஸ்லோவாகிய ராணுவ வீரர். அவரிடம் ஒரு விசித்திரமான ஆள் வந்தான்: விக்டர் பெஸ்டெக். ருமேனியாவில் பிறந்த ஜெர்மானியன், எஸ்.எஸ். காவலன். குடும்ப முகாமில் இருந்த ஓர் இளம்பெண்ணின் மேல் காதல் கொண்டவன். அவளை மீட்க வெளியுலகில் உதவி தேடினான். அதற்கு ஊர் தெரிந்த துணை ஒருவர் வேண்டும்.

ஏப்ரல் 5 மாலை. பெஸ்டெக் ஓர் எஸ்.எஸ். சீருடையைக் கொண்டுவந்தான். லெடெரர் அதை அணிந்தார். இருவரும் காவலைக் கடந்து வெளியேறி, பிராக் போகும் ரயிலைப் பிடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, ருடால்ஃப் வெர்பாவும் ஆல்ஃப்ரெட் வெட்ஸ்லரும் மரக்கட்டைக் குவியலுக்குள் ஒளிந்தார்கள். மூன்று நாள் உள்ளேயே கிடந்து, ஏப்ரல் 10 இரவு ஸ்லோவாகிய எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்கள் உலகத்துக்குச் சொல்லப் போனவர்கள். அந்தக் கதை நீளமானது. அதற்கு வேறு வாரம் வேண்டும்.

லெடெரர் வேறொன்று செய்தார். பிராகில் மறைந்திருந்து பிழைத்திருக்கலாம். அவர் எந்த ஊரிலிருந்து ரயிலேற்றப்பட்டாரோ, அந்த ஊருக்கே திரும்பினார். தெரசீனுக்குள் இரகசியமாக நுழைந்தார். பிர்கெனாவில் என்ன நடக்கிறது, மார்ச் 8 இரவு என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்வதற்காக.

தெரசீன் அப்போது புதுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தது. ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வருவதற்காக ஊரையே அலங்கரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அதிகமாகத் தெரியக் கூடாது என்று மே மாதம் மேலும் சுமார் 7,500 பேர் அங்கிருந்து பிர்கெனாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஒரு பக்கம், மார்ச் 25 தேதியிட்ட, அன்புக்குரியவரின் கையெழுத்தில், "நலம்" என்று சொல்லும் அட்டை. இன்னொரு பக்கம், அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வந்த மனிதர்.

தெரசீனின் மூத்தவர்கள் எதை நம்பினார்கள்? நம்பியவர்கள் அதை ஊராரிடம் சொன்னார்களா?

(தொடரும்)